வர்ற போனை எடுக்க எதுக்குப்பா இருநூறு ரூபாய்?

கூடலூரில் என் பெரியம்மா மகள் இருக்கிறார். எனக்கு ஐந்து வயது மூத்த அக்கா. மாமா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அக்கா கையில் இருப்பது ஒரு பட்டன் போன். பச்சையை அமுக்கினால் பேசலாம், சிவப்பை அமுக்கினால் வைக்கலாம். அதற்கு மேல் அந்தப் போனில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது.

2024 ஜூலை முதல் வாரத்தில் செல்போன் கம்பெனிகள் எல்லாம் வரிசையாகக் கட்டணத்தை ஏற்றியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதம் ரீசார்ஜ் செய்யப் போன அக்காவிடம் கடைக்காரப் பையன், "பாட்டி, 179 இப்ப 199 ஆயிருச்சு" என்றிருக்கிறான். அன்று சாயங்காலமே எனக்குப் போன் வந்தது.

"ஏப்பா தம்பி, நான் யாருக்கும் பேசுறதே இல்ல. பயலுக கூப்பிட்டா எடுக்குறேன், அம்புட்டுத்தான். வர்ற போனை எடுக்க எதுக்குப்பா இருநூறு ரூபா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "எல்லாம் ஏறிப்போச்சுக்கா, என்ன செய்ய" என்று எல்லோரும் சொல்வதையே நானும் சொல்லி வைத்தேன். அந்தக் கேள்விக்கு ஒழுங்காக உட்கார்ந்து பதில் தேடியது ஐந்து மாதம் கழித்துத்தான். அதற்குள் அக்கா தன் வழியில் ஒரு பதிலைக் கண்டுபிடித்து, அதில் நஷ்டப்பட்டும் விட்டார். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் கணக்கு.

199 ரூபாய்க்கு 28 நாள். மாதம் என்று நாம் வாய் தவறிச் சொல்கிறோமே தவிர அது மாதம் இல்லை. பென்ஷன் மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. பால்காரர் மாதத்துக்கு ஒருமுறை கணக்கு முடிக்கிறார். போனுக்கு மட்டும் நான்கு வாரம். வருஷத்துக்கு 365 நாளை 28ஆல் வகுத்துப் பாருங்கள், 13 வரும். ஆக, போன்காரர்களுக்கு வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். 13 தடவை 199 என்றால் 2,587 ரூபாய். அக்காவுக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகை மாதம் 1,200. வருஷத்தில் இரண்டு மாதப் பணத்துக்கும் மேல் அந்தப் பச்சைப் பட்டனுக்கே போகிறது.

இது எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 2005 கடைசியில் லைஃப்டைம் கார்டு என்று ஒன்று வந்தது. 999 ரூபாய் ஒரே தடவை கட்டினால் போதும், வாழ்நாள் முழுக்க இன்கமிங் வரும் என்றார்கள். நம்மில் பலர் வாங்கினோம். அதன் பிறகு பத்து ரூபாய்க்கு டாப்-அப் போட்டு மாசக்கணக்கில் ஓட்டினோம். அவசரத்துக்கு ஒரு மிஸ்டு கால் விட்டால் அந்தப் பக்கத்தில் இருப்பவர் கூப்பிடுவார்.

2018 கடைசியில் அந்த வாழ்நாள் முடிந்தது. 28 நாளுக்கு ஒருமுறை குறைந்தபட்சம் 35 ரூபாயாவது போட்டால்தான் இன்கமிங் உண்டு என்றார்கள். அந்த 35 ரூபாய் ஏறிய விதத்தைப் பாருங்கள். ஏர்டெல்லில் 2021 ஜூலையில் 79. அதே வருஷம் நவம்பரில் 99. அதன் பிறகு 155. 2024 ஜூலைக்குப் பின் 199. ஆறு வருஷத்துக்குள் ஐந்து மடங்குக்கும் மேல். மற்ற கம்பெனிகளும் ஏறத்தாழ இதே படியில்தான் ஏறின.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் பேச வேண்டும். 35 ரூபாயில் கிடைத்த பேச்சு கொஞ்சம்தான். 199 ரூபாயில் அளவில்லாமல் பேசலாம், கொஞ்சம் நெட்டும் உண்டு. ரோமிங் தொல்லையும் ஒழிந்தது. குமுளி தாண்டியதும் போன் கேரளா டவரைப் பிடித்துக்கொள்ளும், வருகிற காலுக்கும் காசு போகும். விடிகாலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் நம் கம்பம், கூடலூர் ஆட்கள் மலையேறுமுன் போனை அணைத்து வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். 2015 ஜூன் 15 முதல் பிஎஸ்என்எல் ரோமிங்கில் வரும் அழைப்புகளை இலவசமாக்கியது. பிறகு மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு நெட் விலை எங்கோ கீழே போய்விட்டது. இன்று பேரன் பேத்திகள் நாள் முழுக்கப் படம் பார்க்கிறார்களே, அது அப்படிக் கிடைத்ததுதான்.

ஆனால் என் வருத்தம் அங்கேதான். நிறையப் பயன்படுத்துகிறவருக்கு எல்லாம் மலிவானது. ஒன்றுமே பயன்படுத்தாதவருக்கு மட்டும் விலை ஏறியது. பந்தியில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிடுகிறவருக்கும், ஒரு தம்ளர் மோர் கேட்கிறவருக்கும் ஒரே இலைக்காசு என்றால் எப்படி?

இப்போது அக்கா கதைக்கு வருகிறேன்.

ஆகஸ்டில் அவர் ரீசார்ஜ் செய்யவில்லை. "பக்கத்து வீட்டுப் பிள்ளை போன்ல பயலுககிட்டப் பேசிக்கிறேன்" என்று விட்டுவிட்டார். மாதம் இருநூறு ரூபாய் மிச்சம் என்று சந்தோஷம். நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நவம்பர் கடைசியில் கேஸ் தீர்ந்தது. சிலிண்டருக்குச் சொல்லப் போனால், போனுக்கு ஒரு எண் வரும், அதைச் சொன்னால்தான் சிலிண்டர் என்றார்கள். போனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் 199 ரூபாயை நீட்டினார். கடைப் பையன் தட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டி, அந்த நம்பரே இல்ல. கட் ஆயிருச்சு" என்றான்.

புது சிம் வாங்கினோம். அதோடு முடியவில்லை. பாங்கில் புது எண் கொடுக்க வேண்டும். ஆதாரில் மாற்ற வேண்டும், அதற்கு அப்போது விரல் வைக்க நேரில் போக வேண்டியிருந்தது, அன்றைக்கு 50 ரூபாய் கட்டணம். கேஸ் ஏஜென்சியில் மாற்ற வேண்டும். ரேஷன் கார்டில் மாற்ற வேண்டும். நான்கு நாள் கூடலூருக்கும் கம்பத்துக்கும் அலைந்தோம். அதுவரை விறகு அடுப்பு. எழுபது வயதுக்கு மேல் ஊதுகுழலை வைத்துக்கொண்டு கண்ணைக் கசக்கியபடி உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தபோது, ஜூலையிலேயே அந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் போனோமே என்று எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. செயலிழந்த எண்ணைக் கம்பெனிகள் குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். நம் பாங்கிலிருந்து வரும் ஓடிபி அந்த முன்பின் தெரியாதவர் போனுக்குப் போகும். அதனால் முதல் பாடம் இது: போன் செலவைக் குறைக்கலாம், எண்ணைச் சாகவிடக் கூடாது. இன்றைக்கு அந்தப் பத்து இலக்கம்தான் நம் விலாசம். ஒரு எண்ணை விடுவதென்றே முடிவு செய்தால், பாங்கு, ஆதார், கேஸ், ரேஷன் எல்லாவற்றிலும் புது எண்ணைப் பதிந்துவிட்டுப் பிறகு விடுங்கள்.

சரி, அக்காவுக்கு என்ன வழி? வழி அந்த மாதமே பிறந்தது. 2024 டிசம்பர் 23 அன்று டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், ஓர் உத்தரவு போட்டது. நெட் வேண்டாதவர்களுக்காகப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் கொண்ட ரீசார்ஜ் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் வைத்திருக்க வேண்டும். அதன் கால அளவு 90 நாள் என்றிருந்ததை 365 நாள் வரை நீட்டிக்கலாம். நாட்டில் இன்னும் சுமார் 15 கோடிப் பேர் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள், அவர்கள் தொடாத நெட்டுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பதுதான் ஆணையத்தின் வாதம். அக்கா கேட்ட அதே கேள்வி!

ஆனால் உத்தரவில் விலை எவ்வளவு என்று சொல்லவில்லை. விலை வைப்பது கம்பெனி விருப்பம். 2025 ஜனவரியில் திட்டங்கள் வந்தபோது நடந்ததைக் கேளுங்கள். ஏர்டெல்லில் 24 ஜிபி நெட்டோடு 1,999 ரூபாய்க்கு ஒரு வருடாந்திரத் திட்டம் இருந்தது. நெட்டை எடுத்துவிட்டு 1,959 என்று போட்டார்கள். நாற்பது ரூபாய்தான் குறைந்தது. விலையைப் பரிசீலிப்போம் என்று டிராய் சொன்னதும் சில நாளில் அதுவே 1,849 ஆனது. 84 நாளுக்கு 469. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. இவை அந்த மாதத்து விலைகள். இன்று நீங்கள் போடும்போது என்ன விலை என்று கம்பெனியின் சொந்தச் செயலியிலோ கடையிலோ பார்த்துக்கொள்ளுங்கள். திட்டம் உண்டு என்பதுதான் முக்கியம்.

உண்டு என்று நம் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. "ரீசார்ஜ் பண்ணுப்பா" என்று நாம் சொன்னால் போன தடவை போட்டதையே அவர் போடுவார். "நெட் இல்லாம, பேசுறதுக்கு மட்டும் உள்ளதைப் போடுப்பா" என்று நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். அக்காவுக்கு அப்படித்தான் வருஷ ரீசார்ஜ் போட்டேன். 2,587 இருந்த இடத்தில் 1,849. மிச்சம் 738 ரூபாய். 28 நாளுக்கு ஒருமுறை கடைக்கு நடக்கிற நடையும் மிச்சம். மறந்துபோய் எண் கட் ஆகும் பயமும் இல்லை.

அக்காவுக்கு வழி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து என் போனையும் பார்த்தேன். அப்போதுதான் புத்தி வந்தது. எனக்கும் வீட்டுக்காரிக்கும் ஆளுக்கு 299 ரூபாய், 28 நாளுக்கு. வருஷத்துக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 7,774. ஆனால் வீட்டில் மகன் வைத்துக்கொடுத்த வைஃபை இருக்கிறது, அதற்குத் தனிக் காசு. சாயங்காலம் நடக்கப் போகிற ஒரு மணி நேரம் தவிர நாங்கள் வெளியே போவதில்லை. போனின் செட்டிங்கில் டேட்டா யூசேஜ் என்ற இடத்தில் பார்த்தேன். ஒரு மாதத்தில் சிம் நெட்டில் நான் செலவழித்தது ஒரு ஜிபிகூட இல்லை. அதாவது ஒருநாள் சாப்பாட்டில் கொஞ்சம் தின்றுவிட்டு மீதி 27 நாள் இலையைக் கொட்டியிருக்கிறேன். அதுவும் வருஷக்கணக்கில்.

வீட்டுக்காரியின் எண்ணைப் பேச்சு மட்டும் திட்டத்துக்கு மாற்றினோம். வீட்டில் வைஃபையில் வாட்ஸ்அப் வழக்கம்போல வேலை செய்கிறது, பேத்தி முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். என்னுடையதைக் கொஞ்சம் நெட் உள்ள நீண்டகாலத் திட்டமாக வைத்துக்கொண்டேன். கடையில் ஜிபே போட எனக்கு வெளியில் நெட் வேண்டும். வீட்டில் இரண்டு பேரில் ஒருவரிடம் நெட் இருந்தால் போதாதா? இதில் ஒரு எச்சரிக்கை. வைஃபை இல்லாத வீட்டில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர் பேச்சு மட்டும் திட்டத்துக்கு மாறினால் வாட்ஸ்அப் நின்றுவிடும். பிறகு என்னைத் திட்டக் கூடாது. தேவைப்படும்போது தனியாக நெட் போட்டுக்கொள்ள முடியுமா என்று முன்பே கேட்டுக்கொண்டு மாறுங்கள்.

இன்னும் சில சில்லறை ஓட்டைகள் உண்டு, அடைத்துவிடுங்கள். நாம் கேட்காமலே ஜாதகம், கிரிக்கெட், பாட்டு என்று ஏதாவது சேவை ஒட்டிக்கொண்டு பாலன்ஸ் கரைந்தால், 155223 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டு நிறுத்தலாம். விளம்பர அழைப்புகளை நிறுத்த 1909. சில பணச் செயலிகளில் ரீசார்ஜ் செய்தால் ஒன்று இரண்டு ரூபாய் கூடுதலாகப் பிடிக்கிறார்கள், கம்பெனியின் சொந்தச் செயலியில் போட்டால் அது இல்லை. வருஷத் திட்டம் போட ஒரே தடவையில் பணம் இல்லை என்றால் 28 நாளைவிட 84 நாள் மேல். அதுவும் வேண்டாம், மாதாமாதம்தான் என்றால், 30 நாள் திட்டம் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியிலேயே டிராய் சொல்லியிருக்கிறது. அதையும் கேட்டால்தான் காட்டுவார்கள்.

கம்பெனியையே மாற்றலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக. எண் மாறாமல் கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரியிலிருந்து இருக்கிறது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்தபோது நம் ஊர்க் கடைகளில் நின்ற கூட்டம் மறக்குமா? சிக்னல் போய்விட்டதால் மாறுவதற்கான எஸ்எம்எஸ்கூட அனுப்ப முடியாமல் எத்தனை பேர் தவித்தார்கள்! முறை எளிது. PORT என்பதை ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, உங்கள் எண்ணைப் போட்டு 1900க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும். நான்கு நாளுக்குள் அதையும் ஆதாரையும் கொண்டு புதுக் கம்பெனிக் கடைக்குப் போக வேண்டும். இப்போதிருக்கும் கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். பழைய ரீசார்ஜில் மீதி இருக்கும் நாள் எல்லாம் வீண் என்பதால் அது முடியும் தறுவாயில் மாறுங்கள்.

பிஎஸ்என்எல்லில் விலை பொதுவாகக் குறைவு. 2025 செப்டம்பர் 27 அன்று உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் 4ஜியும் தொடங்கிவிட்டார்கள். ஆனால் நம் பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் மலை. ஒரு தெருவில் கிடைக்கும் சிக்னல் அடுத்த தெருவில் கிடைக்காது. விலையை மட்டும் பார்த்து மாறாதீர்கள். அந்தக் கம்பெனி சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை உங்கள் வீட்டு அடுப்படிக்குக் கூப்பிட்டு, அங்கே நின்று ஒரு போன் போடச் சொல்லுங்கள். சரியாகக் கேட்டால் மாறுங்கள். ராத்திரி நெஞ்சு வலித்தால் கூப்பிட வேண்டியது அந்தப் போனில்தான்.

கடைசியாக என் கருத்து. இந்தச் சிக்கனம் எல்லாம் நாம் செய்ய முடிந்தது. அரசும் ஆணையமும் செய்ய வேண்டியது ஒன்று மீதியிருக்கிறது. பேச்சு மட்டும் திட்டம் கொடுங்கள் என்று சொன்ன ஆணையம், வருகிற அழைப்பையும் குறுஞ்செய்தியையும் மட்டும் வாங்கிக்கொள்ள ஒரு சிறு தொகைத் திட்டத்தையும், இன்ன விலைக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லியே கொண்டுவர வேண்டும். சிலிண்டருக்கும் பாங்குக்கும் ரேஷனுக்கும் போன் எண் கட்டாயம் என்று ஆக்கியது மேலே இருப்பவர்கள். கட்டாயம் என்றால் அது தண்ணீர்க் குழாய் மாதிரி. ஏழைக்கும் கட்டுப்படியாக வேண்டும்.

அது வரும்போது வரட்டும். அதுவரை வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தீபாவளிக்கு அம்மாவுக்குச் சேலை எடுக்கும்போது, அவர் போனுக்கு ஒரு வருஷ ரீசார்ஜையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் யாராவது இருந்தால், அடுத்த தடவை ரீசார்ஜ் செய்யும்போது கூடப் போய், நெட் இல்லாததைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். பத்து நிமிட வேலை.

போன வாரம் அக்கா கூப்பிட்டார். ஒன்றும் விசேஷம் இல்லை. சும்மாதான். "எம்புட்டு வேணும்னாலும் பேசலாம்னு சொன்னியே, அதான் கூப்பிட்டேன்" என்றார். முக்கால் மணி நேரம் பேசினோம்.